கேமோஃபிளாஜ் – உருமறைப்பு: சொல்லும் பொருளும்

கேமோஃபிளாஜ் என்றதும் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக அச்சடித்த துணிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். துணி ஒரு கருவி மட்டுமே. கண்ணெதிரே இருக்கும் ஒன்றைச் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்தறிய விடாமல் செய்வதுதான் சொல்லின் பொருள்.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘கமூஃபிளே’ என்ற வினை, 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் திருடர்களின் குழூஉக்குறியில் வேடம் போடுவதைக் குறித்தது. அதற்கு மூலம் ‘கமுஃபாரே’ என்ற இத்தாலியச் சொல்லாக இருக்கலாம் என்பர். 1915இல் பிரெஞ்சு ராணுவம் கீராண் த செவோலா என்ற ஓவியரின் தலைமையில் தனிப் பிரிவு ஒன்றை அமைத்து, பீரங்கிகளுக்கு வண்ணம் பூசத் தொடங்கியது. அப்போதுதான் திருடர் சொல் ராணுவச் சொல்லாயிற்று. 1917 வாக்கில் ஆங்கிலத்திலும் நுழைந்தது. அப்பிரிவின் சின்னம் பச்சோந்தி. பொருத்தம் பாதிதான்: பச்சோந்தி நிறம் மாறுவது பெரும்பாலும் சக பச்சோந்திக்குச் சேதி சொல்லவும் உடல் வெப்பத்தைச் சரிசெய்யவும்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தோட்டங்களில் அது இரவில் வெளிறிப்போய்த் தூங்கும். டார்ச் அடித்தால் பளிச்சென்று தெரியும்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? குறளில் அடுத்தடுத்து வரும் இரண்டு உவமைகள் எல்லையை நன்றாகவே வகுத்துத் தருகின்றன. 273ஆம் குறளில் ‘பெற்றம் புலியின்தோல் போர்த்து’ மேய்கிறது. பசுவைப் பார்ப்பவர் புலி என்று நினைக்க வேண்டும், அது மாறுவேடம். 274இல் ‘புதல்மறைந்து’ வேட்டுவன் பறவை பிடிக்கிறான். அவன் புதருக்குப் பின்னால் இருக்கிறான், அது ஒளிதல். அதே வேட்டுவன் புதரின் தழைகளைத் தன்மேல் கட்டிக்கொண்டு வெட்டவெளியில் அசையாமல் உட்கார்ந்தால் அதுதான் கேமோஃபிளாஜ். எனவே ‘மாறுவேடம்’ பொருந்தாது. ‘உருமாற்றம்’ அறவே பொருந்தாது. அது புழு வண்ணத்துப்பூச்சியாவது. ‘மறைநிறம்’ பூச்சியியலுக்குச் சரி, மற்ற இடங்களில் குறைபடும். ‘உருமறைப்பு’தான் சரியான சொல், வினையாக ‘உருமறைத்தல்’. கண்ணுக்கு முதலில் அகப்படுவது உருவின் விளிம்பு, நிறம் அதற்குப் பிறகுதான்.

தென்னாப்பிரிக்காவில் இதைப் போர்க்களங்களே காட்டின. 1881இல் நேட்டாலின் லேங்ஸ் நெக்கில் பிரிட்டிஷ் 58ஆம் படைப்பிரிவு சிவப்புச் சட்டையோடு குன்றேறி, டச்சு வழிக் குடியேறிகளான போயர்களின் குண்டுகளுக்கு இரையாயிற்று. 1899இல் வந்த பிரிட்டிஷ் படை முழுக்கக் காக்கி. ‘காக்கி’ என்றால் பாரசீகத்திலும் உருதுவிலும் மண்நிறம். போயர்கள் அந்தப் படையாளையே ‘காக்கி’ என்று அழைத்தார்கள். நிறம் மாறியும் பிழை போகவில்லை. மலைநாட்டு ஸ்காட்டியப் படையினரின் கருநிறக் கில்ட் பாவாடைக்கு முன்புறம் மட்டும் காக்கி ஏப்ரன் கட்டினார்கள். 1899 டிசம்பர் 11 அன்று மேகர்ஸ்ஃபாண்டீனில் குப்புறப் படுத்துக் கிடந்தபோது மறைக்காத பின்புறமே வெளியே தெரிந்தது.

ஆகவே வேலை விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். முகத்தில் பூசும்போது ஒளி விழும் மேடுகளான நெற்றி, மூக்கு, கன்ன எலும்பு, தாடை ஆகியவற்றுக்கு அடர்நிறம். நிழல் விழும் கண்குழிக்கும் தாடையின் கீழ்ப்புறத்துக்கும் இளநிறம். காதையும் பின்கழுத்தையும் கைகளையும் பலர் மறந்துவிடுவார்கள். வாகனத்தின் மேல் வலை விரித்தால் அது வாகனத்தை ஒட்டிக் கிடக்கக் கூடாது. குறைந்தது 60 செ.மீ. இடைவெளி வேண்டும், இல்லையேல் வலையே வாகனத்தின் வடிவைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒடித்த கிளை சில மணி நேரத்தில் வாடி நிறம் மாறும். இலையைத் தலைகீழாகச் செருகினால் வெளிறிய அடிப்புறம் பளிச்சிடும். கைக்கடிகாரக் கண்ணாடி மின்னினால், மலைமுகட்டில் வானத்தை முதுகுக்கு வைத்து நின்றால், அசைந்தால், எல்லாம் வீண்.

பஃப் ஆடர் என்னும் விரியன், ஜூலு மொழியில் இபுலூலு, இந்த விதிகளை எல்லாம் கடைப்பிடிக்கிறது. முதுகில் வரிசையாக உள்ள வளைந்த பட்டைகள் பருத்த உடலின் விளிம்பைத் துண்டுதுண்டாக்குகின்றன. ஆள் வந்தாலும் விலகாது. மிதித்துக் கடிபடுவது அதனால்தான். 2015இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது மோப்பம் பிடிக்கும் நாய்களாலும் மீர்காட் என்னும் கீரியினத்தாலும் பதுங்கியிருக்கும் இந்தப் பாம்பின் வாடையை அறிய முடியவில்லை. கண்ணுக்கு அப்பாற்பட்ட இதற்கு ‘உரு’ போதாது, ‘வாடைமறைப்பு’ எனலாம். கரும்புக்காட்டிலோ நடைபாதையிலோ போகிறவர் கட்டையைத் தாண்டாமல் அதன்மேல் ஏறி அப்புறம் பார்த்து இறங்குவதும், இரவில் டார்ச் பிடிப்பதும் நல்லது. கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், நேரே மருத்துவமனைக்கு.

கடைசியாகத் துணி. ராணுவச் சீருடையை அனுமதியின்றி அணிவதும் வைத்திருப்பதும் 2002ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டப்படி தென்னாப்பிரிக்காவில் குற்றம். எல்லை தாண்டி ஜிம்பாப்வே, சாம்பியா போகிறவர்கள் எந்த உருமறைப்புத் துணியையும் பெட்டியில் வைக்காதிருப்பதே மேல். அங்கே பொதுமக்களுக்கு அது தடை. பறவை பார்க்கத் திட்டில்லாத காக்கியோ ஆலிவ் பச்சையோ போதும். ஆனால் வெண்மை கூட்டும் சலவைத்தூளில் துவைக்காதீர்கள். அதிலுள்ள ஒளிரும் பொருள் புறஊதாக் கதிரில் நீலமாக மின்னும்.