ஆர்டர் குறைந்த காலத்தில்தான் தொட்டி ஆபத்தானது

ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் வேலை இழந்து, ஒப்பந்த மேஸ்திரி மூலம் தோல் ஆலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்த இளைஞர் ஒருவரைச் சில வாரங்களுக்கு முன் கசடுத் தொட்டியிலிருந்து மயங்கிய நிலையில் தூக்கியிருக்கிறார்கள். நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டார். "சுத்தம் செய்கிற வேலைதானே சார், இதற்குப் போய் என்ன பயிற்சி?" என்று அந்த மேஸ்திரி என்னிடம் கேட்டார். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை சுத்திகரிப்பு நிலையங்களில் பணியாற்றிவரும் நான் இக்கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது, ஏற்றுமதியை நம்பியிருக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல், ஷூ ஆலைகள் தடுமாறின. ஆர்டர் சுருங்கினால் தையல், கட்டிங் பிரிவுகளில் ஆள் குறைப்பார்கள். ஆனால் சுத்திகரிப்பு வேலை அப்படிச் சுருங்காது. பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, சுத்திகரிப்பு வசதி இல்லாத தோல் ஷாப்புகள் (தோல் பதனிடும் ஆலைகள்) இயங்கக் கூடாது என்று விதித்தது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் இழப்பீடு, கண்காணிப்புக் குழு என்று மேலும் இறுக்கியது. எங்கள் பகுதியில் பசுமை வேலைகளை, அதாவது சுற்றுச்சூழலைக் காக்கும் வேலைகளை, உண்டாக்கியவை இந்தத் தீர்ப்புகளே. சந்தை சரிந்தாலும் அவை சரிவதில்லை. ஆகவே மந்த காலத்தில் வேலையிழந்தவர்கள் இத்துறைக்கு வருவது இயல்பு, வரவும் வேண்டும். ஆனால் பயிற்சியே இல்லாமல் அவர்களை நேரே தொட்டியில் இறக்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"தண்ணீர் வரத்துக் குறைந்துவிட்டது, ஆகவே தொட்டியால் ஆபத்தில்லை" என்று முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒருசேர நம்புகிறார்கள். உண்மை இதற்கு நேரெதிரானது. கழிவுநீருக்குக் காற்றூட்டும் ஏரேஷன் தொட்டியில் வேலை செய்பவை நுண்ணுயிர்கள்; அவற்றுக்குக் காற்று வேண்டும். ஆர்டர் இல்லாத வாரங்களில் மின்கட்டணத்தை மிச்சப்படுத்த, காற்றை ஊதும் ப்ளோயரை நிறுத்திவிடுகிறார்கள். தோலைக் குரோம் உப்பால் பதனிடுவதில் இருந்து வரும் சல்பேட் அந்தத் தேங்கிய நீரில் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. காற்றில்லாத நிலையில் வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து, அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. காற்றைவிடக் கனமான இவ்வாயு தொட்டியின் அடியில் படுத்துக் கிடந்து, கசட்டைக் கிளறியவுடன் கிளம்புகிறது. தோலின் முடியை நீக்கும் சுண்ணாம்புக் குழித் தண்ணீரும் குரோம் பிரிவின் அமிலத் தண்ணீரும் ஒரே குழாயில் கலந்தாலும் இதே வாயுதான். (இரண்டையும் தனித்தனியே அனுப்பும் குழாய்களை ஒன்றாக்கிச் செலவைக் குறைத்த மேலாளர்களையும் பார்த்திருக்கிறேன்.)

"அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் வெளியே வந்துவிடுவோம்" என்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஏறத்தாழ 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவை எட்டும்போது இவ்வாயு மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்பதால் வாயு போய்விட்டதாகப் பொருள் இல்லை. முகத்தில் கட்டும் கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ இதைத் தடுக்காது.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகிலிருந்த ஷாப்பில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்களைக் கசடு மூழ்கடித்ததை இவ்வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அது வாயு விபத்து அல்ல என்றாலும், தேங்கிய கழிவை அலட்சியம் செய்ததன் விளைவுதான். 2008-இல், உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த வேளையில், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் பிற அமைப்புகளுடன் சேர்ந்து வெளியிட்ட பசுமை வேலைகள் அறிக்கை, அத்தகைய வேலை கண்ணியமானதாகவும் இருக்க வேண்டும் என்றது. பாதுகாப்பில்லாமல் ஒருவரைத் தொட்டியில் இறக்குவது எந்தக் கணக்கில் பசுமை?

முதலாளிகளே, ஆர்டர் இல்லாவிட்டாலும் ப்ளோயரை முற்றிலும் நிறுத்தாதீர்கள். ஓடும் நேரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று உங்கள் கெமிஸ்டிடம் கேளுங்கள், முதலில் அவரை வேலையிலிருந்து எடுக்காதீர்கள். தொட்டியில் இறங்குமுன் வாயுவை அளந்து எழுத்துப்பூர்வமாக அனுமதி பெற வேண்டும், அல்லது மூச்சுக்கருவியும் இடுப்புக் கயிறும் அணிந்து, கயிற்றின் மறுமுனையை வெளியில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 36-ஆவது பிரிவில் அன்றே எழுதிவைத்தது. வாயுவை அளக்கும் மீட்டரின் விலை அதிகம் என்று இன்றும் என்னிடம் பேரம் பேசுகிறார்கள்.

புதிதாக இவ்வேலைக்கு வரும் தம்பிகளே, கெஞ்சிக் கேட்கிறேன்: மீட்டரில் அளந்து காட்டாமல் இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அன்றைய கூலி போனாலும் பரவாயில்லை. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாவதே இவ்விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. வெளியிலிருந்தே கயிற்றை இழுங்கள், காற்றை உள்ளே செலுத்துங்கள், உடனே 101-ஐயும் 108-ஐயும் அழையுங்கள்.