தொடாமலே எரிந்த எல்இடி

“மாமா, நான் தொடவேயில்லை. அது தன்ர பாட்டில எரியுது.”

அக்காவின் மகள் மேசையிலிருந்து இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். அந்த இடைவெளியில் மைக்ரோகன்ட்ரோலர், அதாவது புரோகிராம் ஏற்றி வேலை வாங்கும் சின்னச் சிப், பழக ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வருவாள். அன்று மேசையில் இருந்தது ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்ட் ஒன்று, வயர்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்ட் ஒன்று, ஒரு பட்டன், ஒரு எல்இடி. பட்டனை அழுத்தினால் எல்இடி எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எல்இடி படபடவென்று மினுங்கியது. கையைக் கிட்டக் கொண்டுபோனால் மினுக்கம் கூடியது. சில வேளை அணையாமல் எரிந்துகொண்டே நின்றது.

நான் வருவதற்குள் அவள் புரோகிராமை மூன்று முறை அழித்து எழுதியிருந்தாள். பழகத் தொடங்கும் எல்லோருமே இப்படித்தான், முதலில் புரோகிராமைச் சந்தேகிப்பார்கள். திரையில் தெரிவது அது ஒன்றுதான் என்பதால் அது இயல்பு. ஆனால் நான் பார்த்த ஆரம்பப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை திரைக்கு வெளியே, வயரிலும் கரண்டிலும்தான் இருந்தன. அவளுடைய எட்டு வரியில் ஒரு பிழையும் இல்லை.

ஊனோவின் மூளை ஏடிமெகா328பி என்ற சிப். நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு, புரோகிராமுக்கு 32 கிலோபைட், வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். இந்தச் சிப்புக்குப் பட்டன் என்றால் என்னவென்று தெரியாது. விரல் என்றாலும் தெரியாது. வயர் இணைக்கும் தன் காலில் (பின்) இந்தக் கணம் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். 5 வோல்டில் ஓடும்போது, காலில் 1.5 வோல்டுக்குக் கீழே இருந்தால் அது 0 என்று படிக்கும். 3 வோல்டுக்கு மேலே இருந்தால் 1 என்று படிக்கும். இரண்டுக்கும் இடையில் இருந்தால் என்ன படிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அவள் பட்டனின் ஒரு பக்கத்தை 5 வோல்டுக்கும் மறுபக்கத்தைச் சிப்பின் காலுக்கும் கொடுத்திருந்தாள். அழுத்தினால் காலுக்கு 5 வோல்ட் கிடைக்கும், சரி. அழுத்தாதபோது? அந்த வயர் எதனோடும் சேரவில்லை. ‘எதனோடும் சேரவில்லை என்றால் பூச்சியம்தானே’ என்று மனம் சொல்லும். அங்கேதான் சறுக்குகிறோம். பூச்சியம் வோல்ட் என்பது கிரவுண்டோடு, அதாவது மற்ற வோல்டேஜ்களை எல்லாம் ஒப்பிட்டு அளக்கும் பொதுத் தரையோடு, இணைந்திருக்கும் நிலை. எங்கும் இணையாத காலுக்குச் சொந்தமாக ஒரு வோல்டேஜ் கிடையாது. சிப்பின் உள்ளீட்டுக் கால் வழியாகக் கரண்ட் கிட்டத்தட்ட ஓடாது, கசிவு அதிகபட்சம் 1 மைக்ரோ அம்பியர். அதனால் எங்கிருந்தோ வரும் துளி மின்னேற்றம்கூட அதன் வோல்டேஜை மேலே கீழே தள்ளிவிடும். காற்றே இல்லாத மத்தியானத்திலும் அரச இலை ஆடிக்கொண்டிருக்குமே, அந்தக் கால் அப்படிப்பட்டது.

அதைத் தள்ளுவது எது? சுவருக்குள் ஓடும் வயர். அதில் 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை திசை மாறுகிறது. சுவர் வயர் ஒரு தகடு, மேசையில் கிடக்கும் ஜம்பர் வயர் இன்னொரு தகடு, இடையில் காற்று. இப்படி இரண்டு கடத்திகளுக்கு நடுவே ஒரு காப்புப் பொருள் இருந்தால் அது ஒரு கப்பாசிட்டர். மிகச் சிறியதுதான், ஆனாலும் இந்தக் காலை ஆட்டிவைக்கப் போதும். நம் உடம்பும் கடத்திதான், அதுவும் பெரிய தகடு. கையைக் கிட்டக் கொண்டுபோனதும் மினுக்கம் கூடியது அதனால்தான்.

இதை நான் வாயால் சொல்லி நிறுத்தவில்லை. 0, 1 என்று மட்டுமல்லாமல் வோல்டேஜின் அளவையே படிக்கும் அனலாக் கால் ஒன்றில் ஒரு வெற்று வயரைச் செருகி, மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை அதன் வோல்டேஜைப் படித்து, நொடிக்கு 115200 பிட் வேகத்தில் கணினிக்கு அனுப்பச் சொன்னேன். ஆர்டுயினோ மென்பொருளிலேயே சீரியல் ப்ளொட்டர் என்றொரு வரைபடச் சாளரம் உண்டு. அதைத் திறந்ததும் திரையில் அலை ஒன்று ஏறி இறங்கியது. உச்சியிலிருந்து உச்சிக்குப் புள்ளிகளை எண்ணிப் பார்த்தாள். இருபது. 20 மில்லிசெக்கனுக்கு ஓர் அலை என்றால் நொடிக்கு 50. மேசையில் கிடந்த ஒரு சாண் வயரில் இலங்கை முழுவதும் ஓடும் கரண்டின் தாளம் வந்து நின்றது. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

2022இல், ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவித்த அந்த நாட்களில், லேப்டாப் பட்டரியில் இதே பரிசோதனையை நான் செய்திருக்கிறேன். வீதி முழுக்க இருட்டு. வயரில் அலை இல்லை, கோடு மெல்ல ஒரு பக்கமாக வழுகிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்த கணத்தில், மின்விசிறி சுழலத் தொடங்குவதற்கு முன்பே, திரையில் அலை எழுந்துவிட்டது. அதைப் பார்த்த நாளிலிருந்து ‘சும்மா விட்ட கால்’ என்ற சொல்லை நான் இலேசாக எடுப்பதில்லை.

மருந்து எளிது. காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று. கசிவுக் கரண்ட் 1 மைக்ரோ அம்பியர் என்றால் அந்த ரெசிஸ்டரில் எழுவது வெறும் 0.01 வோல்ட், 1.5க்கு எங்கோ கீழே. பட்டனை அழுத்தும்போது 5 வோல்ட் நேரடியாக வந்து ஜெயித்துவிடும். ரெசிஸ்டர் கைவசம் இல்லையென்றாலும் கவலையில்லை, சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோஓம் வரையிலான ஒன்று இருக்கிறது. புரோகிராமில் இன்புட் என்று எழுதும் இடத்தில் ‘இன்புட் புல்அப்’ என்று எழுதினால் அது 5 வோல்டோடு சேர்ந்துகொள்ளும். அப்போது பட்டனில் 5 வோல்டுக்குக் கொடுத்திருந்த பக்கத்தைக் கழற்றிக் கிரவுண்டுக்குக் கொடுக்க வேண்டும். கணக்கும் தலைகீழாகும்: அழுத்தாவிட்டால் 1, அழுத்தினால் 0. இதை மறந்துவிட்டு ‘இப்போது எல்லாமே மாறி வேலை செய்கிறது’ என்று அடுத்த வாரம் வருபவர்கள் உண்டு.

மினுக்கம் நின்றது. அடுத்து, அழுத்திய தடவைகளை எண்ணும் புரோகிராம் எழுதினாள். ஒரு முறை அழுத்தினாள், திரையில் 4 என்று வந்தது. இதுவும் சிப்பின் குற்றமில்லை. பட்டனுக்குள் இரண்டு உலோகத் துண்டுகள் மோதும்போது, நிலத்தில் விழுந்த பந்துபோல எழும்பி எழும்பித்தான் அடங்கும். அடங்கச் சில மில்லிசெக்கன் ஆகும். நமக்கு அது ஒரே அழுத்தல். ஒரு மில்லிசெக்கனில் 16,000 முறை துடிக்கும் சிப்புக்கு ஒவ்வொரு எழும்பலும் ஓர் அழுத்தல். முதல் மாற்றத்தைக் கண்டதும் 50 மில்லிசெக்கன் வேறெதையும் கணக்கில் எடுக்காதே என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

இதற்கெல்லாம் முதலில் புரோகிராம் போர்டுக்குள் ஏற வேண்டுமே. அதிலேயே நின்றுவிடுபவர்கள் அதிகம், அவர்களை நினைத்தால் எனக்கு மிகவும் கவலையாக இருக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஆசையாக ஒரு போர்ட் வாங்கி, 100ஆம் இலக்க பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்து, கணினியில் செருகினால் போர்டின் விளக்கு எரியும். ஆனால் கணினிக்கு போர்ட் இருப்பதே தெரியாது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். யூஎஸ்பி கேபிளில் கரண்டுக்கு இரண்டு வயர், தகவலுக்கு இரண்டு வயர். ஃபோன் சார்ஜ் செய்வதற்கென்றே வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் தகவல் வயர் இரண்டும் இருக்காது. விளக்கு எரிவது கரண்ட் வருகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

கேபிள் சரியென்றால் அடுத்தது டிரைவர், அதாவது போர்டோடு பேசக் கணினிக்குத் தேவையான மென்பொருள். மலிவு போர்டுகள் பலவற்றில் யூஎஸ்பி பேச்சை மொழிபெயர்ப்பது சிஎச்340 என்ற சிப். சில கணினிகளில் அதற்கான டிரைவரை நாமே போட வேண்டும். கணினியின் எந்த இணைப்பில் போர்ட் இருக்கிறது என்று குழப்பமானால், ஆர்டுயினோ மென்பொருளில் இணைப்புகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு, கேபிளைக் கழற்றி மறுபடி பாருங்கள். எந்தப் பெயர் மறைகிறதோ அதுதான். அப்புறமும் ‘நாட் இன் சிங்க்’ என்ற சிவப்பு வரி வந்தால், 0, 1 என்று இலக்கமிட்ட கால்களில் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள். புரோகிராம் ஏறுவதும் அதே இரண்டு கால்கள் வழியாகத்தான், அங்கே ஒரு புளூடூத் மொடியூல் உட்கார்ந்திருந்தால் வழி அடைபடும். நானோ போர்ட் என்றால் ப்ரொசெசர் பட்டியலில் ‘ஓல்ட் பூட்லோடர்’ என்பதையும் ஒருமுறை தெரிந்தெடுத்துப் பார்க்கலாம். பூட்லோடர் என்பது நாம் அனுப்பும் புரோகிராமை வாங்கிச் சிப்பில் எழுதும், முன்பே ஏற்றிவைத்த சின்னப் புரோகிராம். பழைய பூட்லோடர் 57600 வேகத்தில் பேசும், புதியது 115200இல். வேகம் ஒத்துவராவிட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று புரிந்துகொள்ளாது.

கரண்ட் குறைந்துபோவது இன்னொரு வகைத் தொல்லை. சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சேர்வோ மோட்டார் ஒன்றைப் போர்டின் 5 வோல்டிலிருந்தே ஓட்டுவார்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் கரண்டை அள்ளிக் குடிக்கும், வோல்டேஜ் சரியும். 2.7 வோல்ட் அளவுக்குக் கீழே போனால் ஊனோவின் சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். தடுமாறித் தப்புக் கணக்குப் போடாமலிருக்க வைத்த காவல் அது. புரோகிராமின் முதல் வரியில் ‘தொடக்கம்’ என்று அச்சிடச் சொல்லுங்கள். மோட்டார் அசையும்போதெல்லாம் திரையில் ‘தொடக்கம்’ வந்தால் நோய் பிடிபட்டது. மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுத்து, இரண்டு சப்ளைகளின் கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் போர்ட் அனுப்பும் சிக்னல் மோட்டாருக்கு விளங்காது. வோல்டேஜ் என்பதே இரண்டு இடங்களுக்கு இடையிலான வித்தியாசம், ஒப்பிட இருவருக்கும் ஒரே தரை வேண்டும்.

புரோகிராம் பக்கம் உண்மையான பொறிகளும் உண்டு, மறைக்க மாட்டேன். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிலே என்ற காத்திருப்புக் கட்டளைக்குள் மில்லிசெக்கன் கணக்கில் 60 பெருக்கல் 1000 என்று எழுதினால், ஊனோ 49 நாட்களுக்கு மேல் தூங்கிவிடும். அதன் சாதாரண முழு எண் 16 பிட், 32,767 வரைதான் எண்ணும். விடையான 60,000 அதில் கொள்ளாமல் சுற்றிக்கொண்டு −5,536 ஆகிறது. டிலேக்கோ எதிர்மறை எண் தெரியாது. அதை 32 பிட் நேர் எண்ணாகப் படிக்கும்போது 4,29,49,61,760 மில்லிசெக்கன் ஆகிவிடுகிறது. 1000க்குப் பின்னால் யூஎல் என்று இரண்டு எழுத்துச் சேர்த்தால் போதும், கணக்கு 32 பிட்டிலேயே நடக்கும். புரோகிராமைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் எச்சரித்தாலும், வழக்கமான அமைப்பில் அந்த எச்சரிக்கை திரைக்கு வராது. எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் காட்டச் சொல்லி முதல் நாளே மாற்றிவையுங்கள்.

ஒரு மாதம் கழித்து அவள் சொந்தமாக ஒன்று செய்தாள். வீட்டுக் கேற்றில் காந்த சுவிட்ச், அங்கிருந்து முன்னறைக்கு 12 மீற்றர் வயர், கேற் திறந்தால் திரையில் ஒரு வரி. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் யாரும் வராமலே வரிகள் வந்தன. இம்முறை அவள் புரோகிராமைத் தொடவில்லை. வரி வந்த நேரங்களைக் கொப்பியில் குறித்தாள், பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடும் நேரங்களோடு ஒப்பிட்டாள். இரண்டும் பொருந்தின. 12 மீற்றர் வயர் நல்ல அன்டெனா, சிப்புக்குள்ளே இருக்கும் 20 முதல் 50 கிலோஓம் அதைப் பிடித்துவைக்கப் போதாது. 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை வெளியே 5 வோல்டுக்குக் கொடுத்து, காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 104 என்று பொறித்த ஒரு சின்னக் கப்பாசிட்டரையும் சொல்டர் செய்தாள்.

மாலையில் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடத் தொடங்கியது. திரையில் ஒன்றும் வரவில்லை. பிறகு எழுந்துபோய்க் கேற்றைத் திறந்தாள். ஒரே ஒரு வரி வந்தது.