ஜிம்மில் முதல் மாதம்: வெயிட் கூட்ட என்ன அவசரம்?

ஜனவரி பாதி தாண்டியதும் எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு ஒரு கூட்டம் வரும். புத்தாண்டுக்கு வருடச் சந்தா கட்டி ஜிம்மில் சேர்ந்தவர்கள். ஒருவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டிருக்கும், இன்னொருவருக்கு முழங்கையை நீட்ட வராது. பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டியவர்கள், உட்கார்ந்தே பார்க்கும் வேலை, கடைசியாக ஓடியாடியது கல்லூரிக் காலத்தில். கேட்டால், "மாஸ்டர் சொன்னதைத்தான் சார் செஞ்சேன்" என்பார்கள்.

மாஸ்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சாயங்கால நேரத்தில் அத்தனை பேரையும் ஒருவரே பார்க்கிற ஜிம்மில், சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்தான் நிஜமான மாஸ்டர். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர் என்று போகும் அது, வருடக்கணக்கில் தூக்கிப் பழகியவர்களுக்கான கணக்கு. புதிதாக வந்தவர் முதல் நாளே மார்புக்கு மட்டும் நான்கைந்து வகைப் பயிற்சி செய்தால், இரண்டாம் மூன்றாம் நாளில் வலி உச்சத்துக்குப் போகும். சட்டை மாட்டவே கை ஏறாது. அந்த வாரம் ஜிம் கிடையாது. அடுத்த திங்கள் மறுபடியும் முதலிலிருந்து.

இன்னொரு சிக்கல், தாக்குப்பிடித்துத் தொடர்கிறவர்களுக்கு வருவது. முதல் சில வாரங்களில் தூக்கும் எடை மளமளவென்று ஏறும். தசை வளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது பெரும்பாலும் நரம்பு செய்கிற வேலை. இருக்கிற தசையிழைகளில் இன்னும் அதிகமானவற்றை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க உடம்பு பழகியிருக்கும், அவ்வளவுதான். தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். ஆக, ஆறாவது வாரத்தில் கை தூக்கத் தயார், தோள்பட்டையின் நாண் தயாரில்லை. எங்களிடம் வருகிற ஜிம் தோள்வலியில் கணிசமானவை இந்த இடைவெளியில் பிறந்தவை.

அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது: ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் மூன்று நாள் போதும். ஒவ்வொரு முறையும் உடம்பு முழுவதற்கும். காலுக்கு ஸ்குவாட், தள்ளுவதற்கு டம்பெல் பிரஸ், இழுப்பதற்கு லாட் புல்டவுன் (மேலே தொங்கும் கம்பியை நெஞ்சு வரை இழுப்பது), கடைசியில் ஒரு பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது). முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். நடுவில் வரும் நாட்களில் நடந்தால் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலே பெரியவர்களுக்குத் தசைப்பயிற்சி வாரம் 2 நாளாவது வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆறு நாளும் ஜிம்முக்கு வந்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை.

ஸ்குவாட்டை, எடைத் தட்டு மாட்டும் இரும்புக் கம்பி (பார்) இல்லாமல் ஆரம்பியுங்கள். பின்னால் ஒரு பெஞ்ச் போட்டு, ஒரு சின்ன டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இடுப்பைப் பின்னால் தள்ளி மெதுவாக இறங்குங்கள். பெஞ்ச் பட்டதும் எழுந்துவிடுங்கள். குதிகால் தரையை விட்டுக் கிளம்பினால், நீங்கள் இறங்க வேண்டிய ஆழம் அதுவரைதான். வெஸ்டர்ன் டாய்லெட்டும் சோபாவுமாகவே இருக்கிறவர்கள் பலருக்குக் கணுக்கால் போதிய அளவு மடங்குவதில்லை. அது பழகட்டும், அவசரமில்லை.

சரி, எத்தனை முறை? எல்லோரும் சொல்கிற '3 செட், 10 ரெப்ஸ்' (தொடர்ந்து பத்து முறை, இடையில் ஓய்வு விட்டு மூன்று சுற்று) ஜிம்மில் பிறந்த கணக்கு இல்லை, மருத்துவமனையில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், காயம்பட்ட வீரர்களின் கால் தசையை மீட்க வெயிட்டைப் பயன்படுத்தினார். முதலில் செட்டுகள் ஏராளமாக இருந்தன. 1948 வாக்கில் அவரே அதை 3 செட்டாகக் குறைத்தார். அதில் முதல் செட் பாதி எடையில், இரண்டாவது முக்கால் எடையில், மூன்றாவதுதான் முழு எடையில். மூன்றையும் பத்தையும் ஞாபகம் வைத்துக்கொண்டவர்கள், அந்தப் பாதியையும் முக்காலையும் விட்டுவிட்டார்கள். புதியவர்களுக்கு இன்றைக்கும் இது அருமையான முறை, வார்ம் அப்பும் அதிலேயே முடிந்துவிடும்.

முழு எடை எது என்று எப்படித் தெரியும்? பத்தாவது ரெப் முடியும்போது இன்னும் இரண்டு செய்ய முடியும் என்று தோன்ற வேண்டும். கை நடுங்கி, முதுகு வளைந்து, பல்லைக் கடித்துத் தூக்கினால் அது உங்கள் எடை இல்லை. ஜிம்களில் இருக்கும் பெரிய பார், தட்டே மாட்டாமல் 20 கிலோ. வெறும் பாரைத் தூக்கப் பக்கத்தில் நிற்பவர் பார்க்கிறாரே என்று கூச்சப்படாதீர்கள். அவர் கண்ணாடியில் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தசை முழுக்கப் பரவலாக வலிப்பது சாதாரணம், சில நாளில் அடங்கும். மூட்டில் ஒரே புள்ளியில் குத்தினால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். இன்னொன்று அபூர்வம், ஆனால் ஆபத்தானது. பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் கசக்கிப் பிழிந்த பிறகு, கை அல்லது தொடை வீங்கி, வலி தாங்க முடியாமல், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலந்திருக்கலாம். சிறுநீரகம் பழுதாகும் அளவுக்குப் போகக்கூடிய நிலை அது. வலி மாத்திரை போட்டுப் படுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெயில் காலத்தில், தண்ணீர் குடிக்காமல் செய்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

பிபி இருப்பவர்கள் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். நெஞ்சுவலி, மயக்கம் வந்த அனுபவம் இருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகே சந்தா கட்டுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் காலையில் வெறும் வயிற்றில் ஜிம்முக்குப் போனால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். போவதற்கு முன் என்ன சாப்பிடுவது, மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். அப்புறம், சுகர் இருப்பதை மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பலர் இதை மறைக்கிறார்கள். ட்ரெட்மில்லில் தலைசுற்றி நிற்கும்போது உங்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.