மூன்று மணி நேரச் சாகசத்தின் கணக்கு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில், ஒரே அமர்வில் ஆடி முடிக்கிற சாகசத்தை ‘ஒன்-ஷாட்’ என்பார்கள். எழுத உட்காருகிறவர் கதையைப் பற்றித்தான் நிறைய யோசிக்கிறார். ஆனால் ஆட்டம் நின்றுபோவது பெரும்பாலும் பகடையில்.

இந்த வகை விளையாட்டில் 1974-இல் பிறந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பையே எடுத்துக்கொள்வோம். 20 முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணும் விழ 5 சதவீத வாய்ப்பு. ஒரு செயல் பலிக்க எட்ட வேண்டிய இலக்கு 15, பாத்திரத்தின் திறனுக்காகச் சேர்வது 5 என்றால், பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கு வாய்ப்பு 55 சதவீதம். பாழடைந்த மாவு ஆலையின் நிலவறைக்கு வழி இந்த ஒரு உருட்டலில்தான் தெரியும் என்று எழுதிவைத்தால், பாதி மேசைகளில் ஆட்டம் அங்கேயே முடங்கும். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர், “சரி, இன்னொரு தடவை உருட்டுங்க” என்பார். அதோடு பகடைக்கு மரியாதை போச்சு.

தனித்தனியாக மூன்று தடயங்கள் வைத்தால் மூன்றுமே தவறும் வாய்ப்பு 9 சதவீதமாகக் குறைகிறது: சேற்றில் வண்டித் தடம், ஆலைக்காரரின் கணக்கேட்டில் கிழிந்த பக்கம், அவர் மனைவி சொல்லும் முரணான பதில். இன்னும் நல்ல வழி, நிலவறை இருப்பதை உருட்டாமலே சொல்லிவிடுவது. உள்ளே காவல் இருப்பது முன்கூட்டியே தெரியுமா, தெரியாதா என்பதற்கு உருட்டட்டும். தோற்றால் ஆபத்து கூடும், வழி அடைபடாது.

நான்கு பேரும் சத்தமில்லாமல் நுழைய வேண்டும் என்பது அதைவிட மோசமான பொறி. நால்வரும் தலா 55 சதவீதம் என்றாலும், எல்லோரும் ஒருசேர ஜெயிக்க வாய்ப்பு வெறும் 9 சதவீதம். பாதிப் பேர் ஜெயித்தால் போதும் என்கிற குழுச் சோதனை விதியைப் பயன்படுத்தினால், அதே நால்வருக்கு 76 சதவீதம். விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது, ஏனோ பலர் மறந்துவிடுகிறார்கள்.

நேரத்துக்கு வருவோம். 180 நிமிடத்தில் அறிமுகத்துக்கு 20, இடைவேளைக்கு 10, முடிவுக்கு 15 போனால் மிச்சம் 135. நான்கு பேர் ஆடும் சண்டையில் ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம், மூன்று சுற்றுக்கு அரை மணி. ஆக இரண்டு சண்டை, தலா 20 நிமிடத்தில் மூன்று காட்சிகள். அதற்கு மேல் இடமில்லை.

சண்டையை இழுத்தடிப்பது, அரக்கன் எவ்வளவு அடி தாங்கும் என்கிற உயிர்ப்புள்ளியைவிட, அதன்மேல் அடி விழ எட்ட வேண்டிய கவச எண்தான். கவசம் 18 என்றால், 5 கூட்டலுள்ள ஆட்டக்காரருக்கு அடி விழும் வாய்ப்பு 40 சதவீதம்; சுற்றுக்கு இரண்டு மூன்று பேர் ஒன்றும் நடக்காமல் பகடையைக் கீழே வைப்பார்கள். கவசத்தை 13 ஆக்கினால் 65 சதவீதம். அரக்கன் சீக்கிரம் விழுந்துவிடுமே என்று பயந்தால் உயிர்ப்புள்ளியைக் கூட்டிக்கொள்ளலாம். அடிபட்டும் நிற்கிற எதிரி சுவாரஸ்யம். அடியே படாத எதிரி அலுப்பு.

குறிப்பு இரண்டு பக்கம் போதும். ஆலைக்காரர் மனைவிக்குப் பூர்வீகம் வேண்டாம்: என்ன வேண்டும், என்ன தெரியும், எப்படிப் பேசுவார் என்று மூன்று வரி. முதல் சண்டையின் ஓரத்தில் ‘தூக்கிவிடலாம்’ என்று பென்சிலால் எழுதிவையுங்கள். கடிகாரம் 90 நிமிடத்தைக் காட்டும்போதும் குழு நிலவறைக்குள் இறங்கவில்லை என்றால், அந்தக் காவலர்கள் தூங்கிக்கொண்டிருக்கட்டும்.