கறிவேப்பிலைக்கு வயல் மருந்தா?

தம்பலகாமத்து அக்கா ஒருவர் பையை அவிழ்த்து ஒரு கொப்பை கமநல சேவை நிலையத்தில் என் மேசையில் போட்டார். இலை முழுக்கக் கரி. "பங்கசு பிடிச்சிட்டுது மிஸ். வயலுக்கு அடிச்ச மருந்தில மிச்சம் கிடந்தது, அதை அடிச்சுவிட்டனான்." எப்போது? முந்தநாள். நேற்றுச் சொதிக்கு இலை எங்கே முறித்தீர்கள்? அதே மரத்தில்.

மாரி முடிந்து துளிர் விடத் தொடங்கியதிலிருந்து நிலாவெளியிலும் இதே கதை, மூதூரிலும் இதே கதை. கேட்டு அலுத்துவிட்டது.

முதலில் அந்தக் கரி. விரலில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், பிசுபிசுவென்று கழன்று வரும். அடியில் இலை பச்சையாகவே இருக்கும். நோய் இப்படிக் கழுவுப்படுமா? சாறு உறிஞ்சும் பூச்சி மேல் துளிரில் இருந்து சீனிப்பாணி போன்ற கழிவை விடும். அது கீழ் இலையில் விழ, அதில் வளர்வதுதான் இந்தக் கரும்பூஞ்சணம். பங்கசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது தின்பது பாணியை, இலையை அல்ல. எறும்பு ஏறுவதும் அந்தப் பாணிக்குத்தான். பூச்சி போனால் பாணி இல்லை, கரியும் இல்லை.

ஆகவே கறுத்த இலையை விடுங்கள், சுருண்ட துளிரை விரித்துப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் தட்டையான குஞ்சுகள் வெள்ளை மெழுகு நூல் விட்டபடி ஒட்டியிருக்கும். வளர்ந்தது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சரிவாக நிற்கும். இதுதான் அந்தச் சாறு உறிஞ்சும் பூச்சி, பெயர் சைலிட். தேசி, தோடைக்குப் பசுமையாதல் நோயைக் காவுவதும் இதுவே. கறிவேப்பிலையும் தேசியும் ஒரே குடும்பம், பக்கத்தில் தேசி நின்றால் அதையும் பாருங்கள்.

குருவி எச்சம்போல இலையில் கிடந்து, தொட்டதும் கொம்பு நீட்டி நாறுவது தேசி வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் பொறுக்குங்கள். அதற்கெல்லாம் மருந்தா?

சரி, சைலிட்டுக்கு? சுருண்ட துளிர்களை ஒடித்துச் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் அமுக்குங்கள், மரத்தடியில் போடாதீர்கள். குழாயால் இலையின் கீழ்ப்பக்கம் படத் தண்ணீர் அடியுங்கள். அடங்காவிட்டால் வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து வெயில் தாழ அடியுங்கள். துளிர் வரும் காலத்தில் வாரம் ஒருமுறை. பொறிவண்டைக் கண்டால் கொல்லாதீர்கள், அது சைலிட் குஞ்சைத் தின்கிறது.

இனி அந்த மிச்ச மருந்து. எந்தப் பயிருக்கு, அடித்தபின் அறுவடைக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று லேபிளில் இருக்கும். நெல்லுக்கு உமி உண்டு, குத்தித்தான் சமைக்கிறோம். கறிவேப்பிலையை முறித்த கையோடு தாளிக்கிறோம். உப்புத் தண்ணீரில் அலசினால் போய்விடும் என்கிறார்கள். இலைக்குள் ஊடுருவும் மருந்து எந்த அலசலுக்கும் போகாது.

ஏற்கனவே அடித்துவிட்டீர்களா? அந்த மரத்தில் இலை முறிக்காதீர்கள். சந்தைக்கும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்கும் வேண்டாம். போத்தலோடு கமநல சேவை நிலையத்துக்கு வாருங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்து லேபிளை வாசித்துக் காட்டுங்கள். லேபிள் கிழிந்ததென்றால், சோடாப் போத்தலில் ஊற்றி வைத்ததென்றால், தயவுசெய்து அதைத் தொடவே வேண்டாம்.