காயஸ் சாகலாம், நான் எப்படி?

எல்லோரும் ஒருநாள் சாகத்தான் போகிறோம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ‘எல்லோரும்’ என்பதற்குள் தன்னையும் சேர்த்துக்கொள்ள மனம் படும் பாட்டை, எனக்குத் தெரிந்து டால்ஸ்டாய் அளவுக்கு நுணுக்கமாகக் காட்டியவர் இல்லை.

1886-ல் வெளிவந்த ‘இவான் இலியீச்சின் மரணம்’ குறுநாவலின் நாயகன், 45 வயதில் சாகும் ஒரு நீதிபதி. ரஷ்யாவின் துலா நகர நீதிமன்றத்தில் பணியாற்றி, 1881-ல் இறந்த இவான் மெச்னிகோவை மனத்தில் வைத்து உருவாக்கிய பாத்திரம். (நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்ற இலியா மெச்னிகோவின் அண்ணன் இவர்.) படுக்கையில் கிடக்கும் இவான் இலியீச்சுக்குப் பழைய தர்க்கப் பாடம் நினைவுக்கு வருகிறது: காயஸ் ஒரு மனிதன், மனிதர்கள் சாகிறவர்கள், ஆகவே காயஸ் சாவான். காயஸுக்கு அது சரி. ஆனால், சிறுவயதில் வைத்திருந்த கோடு போட்ட தோல் பந்தின் வாசனை காயஸுக்குத் தெரியுமா? அம்மாவின் கையில் முத்தமிட்டது காயஸா?

மனம் வேலை செய்யும் விதம் இந்தப் பந்தில்தான் இருக்கிறது. ‘மனிதர்கள் சாவார்கள்’ என்பது பொதுத் தகவல். ‘நான்’ என்பதோ வாசனைகளாலும் தொடுகைகளாலும் ஆன நினைவுகளின் திரட்டு. தகவல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்தத் திரட்டுக்குள் எளிதில் இறங்குவதில்லை.

இதற்கு ஒத்துவரும் ஒன்றை இஸ்ரேலின் பார் இலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்டார்கள். அடுத்து என்ன வரும் என்று மூளை எப்போதும் கணித்துக்கொண்டே இருக்கும். ஒரே முகத்தைப் பலமுறை காட்டிவிட்டுத் திடீரென்று வேறு முகத்தைக் காட்டினால், கணிப்பு பொய்த்ததற்கான வியப்புச் சமிக்ஞை எழும். 24 பேருக்கு இப்படி முகங்களைக் காட்டி, மேலே சில சொற்களையும் வைத்தார்கள். அறிமுகமில்லாத முகத்தோடு ‘அடக்கம்’ போன்ற சாவுச் சொல் வந்தபோது சமிக்ஞை வழக்கம்போல் எழுந்தது. சொந்த முகத்தோடு வந்தபோது எழவில்லை. ‘சாவு’, ‘நான்’ இரண்டையும் இணைத்துக் கணிக்க மூளை மறுக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள். சிறிய ஆய்வுதான், இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் காயஸும் தோல் பந்தும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன.

ஆய்வில் சாவு ஒரு சொல்லாகத் தோன்றி மறைகிறது. இவானுக்கு அது விலாவில் விடாமல் வலிக்கிறது. நீதிமன்ற வேலையைத் திரையாக இழுத்து மூடிக்கொள்கிறார். வழக்கு விசாரணையின் நடுவிலேயே வலி கிளம்பி, சாவு எதிரே வந்து நின்று அவரைப் பார்க்கிறது. வேறு திரைகளைத் தேடுகிறார். அவையும் கொஞ்ச நாளில் கண்ணாடிபோல் ஆகிவிடுகின்றன.

இன்னொரு தற்காப்பும் உண்டு: பெரிய கேள்வியைச் சின்னக் கேள்வியாக்கிவிடுவது. பிழைப்பேனா என்று அறியத் தவிக்கிறார் இவான். மருத்துவரோ சிறுநீரகமா, குடல்வாலா என்று மட்டும் ஆராய்கிறார். குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களிடம் இத்தனை வருடமும் தான் காட்டிய அதே தோரணை அது என்பது இவானுக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் வீட்டுக்கு வந்து, அந்தச் சிறுநீரகத்தையும் குடல்வாலையும் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறார்.