எத்தன கார்டு முடிச்சாங்கன்னு எண்ணாதீங்க

போன வாரம் எட்டாங்கிளாஸ்ல ஒரு பொண்ணு 24 டாஸ்க் கார்டையும் (அட்டைக்கு ஒரு சமன்பாட்டுக் கணக்கு) ஒரே பீரியட்ல முடிச்சிட்டு என் டேபிள் முன்னாடி வந்து நின்னா. எல்லாமே கரெக்ட். சந்தோஷமா இருந்துச்சு, சரி இதையும் போடு கண்ணுன்னு போர்டுல 2எக்ஸ் - 5 = 11னு எழுதுனேன், டக்குனு 3ன்னு சொன்னா, வர வேண்டியது 8. எப்படிம்மா வந்துச்சுன்னு கேட்டா, "பெருசுல இருந்து சின்னத கழிக்கணும் மிஸ், அப்புறம் எக்ஸுக்கு முன்னாடி இருக்கறதால வகுக்கணும்"ங்கறா. கார்டை எல்லாம் எடுத்துப் பாத்தேன். 24ம் 3எக்ஸ் + 4 = 19 மாதிரி ஒரே அச்சு, அவ வழி அத்தனைக்கும் செல்லும், மைனஸ் வந்ததும் அவ்வளவுதான். இந்த வருஷம் இப்படி நான் பாக்கற நாலாவது பிள்ளை, அதான் எழுதறேன்.

நிறைய கார்டு முடிச்சா நிறைய கணக்கு தெரியும்னு நம்மள்ல பல பேர் நினைக்கறோம். இல்லீங்க, இல்லவே இல்ல. முதல்ல முடிக்கற குரூப்புக்கு சாக்லேட், போர்டுல ஸ்கோர்னு வச்சா என்ன நடக்கும்? நாலு பேர்ல கை வேகமா ஓடற ஒருத்தன் போடுவான், மிச்ச மூணு பேர் பாத்து எழுதுவாங்க, மெதுவா யோசிக்கற பிள்ளை கைக்கு கார்டே வராது. நோட்டுல மட்டும் 24 விடையும் இருக்கும். சரி அந்த வேகமா போட்டவனாவது கத்துக்கிட்டானான்னா, அவன் கத்துக்கிட்டது கார்டோட அச்சை, சமன்பாட்டை இல்ல. 2003ல சென்னை மாநகராட்சி ஸ்கூல்கள்ல செயல்வழிக் கற்றல் (பிள்ளைங்களே செஞ்சு பாத்து கத்துக்கற முறை) வந்தப்ப கார்டு, பாடத்தைப் படிப்படியா பிரிச்ச ஏணிப்படின்னு வச்சதே ஒவ்வொரு பிள்ளையும் அதது வேகத்துல ஏறட்டும்னுதான். அதே கார்டை நாம பந்தயமா ஆக்கிட்டோம், எனக்கு இதுதான் தாங்கல.

(இன்னொன்னு, "பக்கம் மாறினா குறி மாறும்"னு சொல்லிக் கொடுக்கறத தயவுசெஞ்சு கொஞ்சம் நிறுத்துங்க. 3எக்ஸ் = 12க்கு 12 - 3 = 9னு போடற பிள்ளைங்க அந்த மந்திரத்தைத்தான் அப்படியே போடுது. ரெண்டு பக்கமும் ஒரே வேலைய செய்யறோம்னு தராசு வச்சுக் காட்டுங்க.)

ஒரு பீரியட்டுக்கு 6 கார்டு, மிஞ்சிப்போனா 8. அதுல பாதிதான் தீர்வு காணற கணக்கா இருக்கணும். ரெண்டு கார்டுல தப்பா போட்ட கணக்கை எழுதி எங்க தப்புன்னு கேளுங்க, எக்ஸ் = 3ன்னா 2எக்ஸ் = 23, 5எக்ஸ் + 3 = 8எக்ஸ், இதெல்லாம் நம்ம பிள்ளைங்க பேப்பர்லயே கிடைக்கும், தேடவே வேணாம். ஒரு கார்டுல கதை. நான் போடறது ஆட்டோ கணக்கு: 2013ல அரசு வச்ச கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 12, மொத்தம் 85 ரூபா ஆச்சுன்னா எவ்வளவு தூரம் போனோம்? 25 + 12எக்ஸ் = 85, எக்ஸ் = 5னு கரெக்டா போட்டுட்டு விடை 5 கிலோமீட்டர்னு பாதி கிளாஸ் எழுதும். 6.8 தானே? எக்ஸ்னா என்னன்னு எழுதாம ஆரம்பிச்சா இப்படித்தான்.

கார்டுக்குப் பின்னாடி விடைய எழுதாதீங்க. விடைய சமன்பாட்டுல திருப்பிப் போட்டுப் பாத்து சரியான்னு பிள்ளையே சொல்லட்டும், அந்த ஒரு வரி இல்லாத கார்டு முடிஞ்ச கார்டே இல்லன்னு முதல் நாளே சொல்லிடுங்க. நெட்ல இருந்து செட்டா இறக்கறவங்க முதல்ல நீங்க உக்காந்து அத்தனையும் போட்டுப் பாருங்க, யோசிக்காமலே முடியுதுன்னா அந்த செட் வேணாம். பிரிண்ட் போட காசில்லன்னு சொல்லாதீங்க, பழைய கல்யாணப் பத்திரிகையோட பின்பக்கம் போதும். கார்டுல நம்பர் போடுங்க, பிள்ளைங்க நோட்டுல அந்த நம்பரோட எழுதட்டும்.

திங்கக்கிழமை அந்தப் பொண்ணுக்கு கலந்து 6 கார்டு குடுத்தேன். பீரியட் முடியறப்ப "நாலுதான் மிஸ் ஆச்சு"ன்னு முகம் சுருங்கிப் போய் நோட்டை நீட்டுனா. நாலு கணக்குக்குக் கீழயும் விடைய போட்டுப் பாத்து டிக் அடிச்சிருந்தா, மூணாவதுல முதல்ல வந்த விடைய அடிச்சிட்டு மறுபடி போட்டிருந்தா.